நான்கு நிறுத்தங்கள்

“நாலு எடத்துல நின்னுட்டா! நாலு! டவுன் பஸ்கூட இப்படி நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிக்காது!”

பியானோ வாத்தியார் மேசையில் அடித்த அடியில் காகிதக் கோப்பைகளிலிருந்த காபி தளும்பியது.

போட்டி நடந்த அரங்கின் கீழ்த்தளத்துச் சிற்றுண்டிச் சாலை அது. முடிவை ஒட்டிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய மாணவிக்கு இரண்டாம் இடம். அரை மதிப்பெண்ணில் போயிற்று. முதலிடத்துக்கு இசைக் கல்லூரியில் இலவசமாகப் படிப்பு, விடுதி, சாப்பாடு. இரண்டாம் இடத்துக்கு ஒரு சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். சட்டம் நம் செலவு.

“அப்ப திங்கக்கிழமைலேருந்து உங்ககூட வேலைக்கு வந்துடுவாளாம்மா?” என்றார் வாத்தியார், எதிரே இருந்த அம்மாவிடம்.

“பேர் குடுத்தாச்சு சார். விரிப்பு மடிக்கிற பிரிவு.”

அம்மாவுக்கு வேலை சலவை ஆலையில். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வரும். வெளுத்து, காயவைத்து, தேய்த்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருக்கும் பியானோவே ஓர் ஓட்டல் கழித்துக் கட்டியதுதான். அழுக்கு மூட்டைகளோடு அதே வண்டியில் வந்து இறங்கியது. இன்றைக்கு அரை நாள் விடுப்புக் கேட்டதற்கு மேற்பார்வையாளர் சிரித்தாராம், “பியானோவா? உன் பொண்ணா?” என்று.

“எனக்கென்னவோ அந்த நாலு எடம்தான் அண்ணி புடிச்சிருந்துச்சு” என்றாள் அம்மாவின் பக்கத்தில் இருந்த அத்தை. “மத்ததெல்லாம் தடதடன்னு என்னமோ ஓடிச்சு. அவ கையைத் தூக்கிக்கிட்டுச் சும்மா இருந்தா பாருங்க, அங்கதான் நான் நிமிந்து உக்காந்தேன். எனக்குப் பக்கத்துல இருந்தவர் இருமலைக்கூட அடக்கிக்கிட்டாரு.”

“ஆக, அவ வாசிக்காத எடம்தான் உங்களுக்குப் புடிச்சிருக்கு!”

“இருக்கட்டுமே சார். அவங்கவங்க காது அவங்கவங்களுக்கு.”

பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்க. இந்தப் போட்டிய நான் முப்பது வருஷமா கேக்கறேன். அது மறதி. அடுத்தது என்னன்னு தெரியாம பொண்ணு முழிச்சிடுச்சு.”

“எங்க முழிச்சா? கண்ணை மூடிக்கிட்டுல்ல இருந்தா!” என்றாள் அத்தை.

“மறதியும் இல்லீங்க” என்றார் வாத்தியார். “மறந்தவ எங்க வேணாலும் நிப்பா. இவ சரியா ஒவ்வொரு பக்கமும் முடியற எடத்துல நின்னிருக்கா. அஞ்சு பக்க இசை, முழுசும் மனப்பாடம். திருப்பறதுக்கு எதிர்ல காகிதமே கிடையாது! வகுப்புல நான் பக்கத்துல உக்காந்து சத்தமா தாளம் எண்ணுவேன், ஒரு தடவகூட நின்னதில்ல. தனியா விட்டா இப்படி.”

சட்டைப் பையிலிருந்து நடுவர்களின் குறிப்புத் தாளை எடுத்தார். “கேளுங்க. முதல் நடுவர், ‘ஆழமான மௌனம், அபூர்வமான முதிர்ச்சி.’ ரெண்டாவது நடுவர், ‘போதிய பயிற்சி இல்லை.’ மூணாவது நடுவர், ‘கேட்பவர்களைக் காக்கவைக்கும் ஆணவம்.’”

ஒரே பெண். ஒரே பன்னிரண்டு நிமிடம். மூவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். படித்தவர்களுக்கு எதிலும் ஓர் அர்த்தம் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க மட்டும் தோன்றாது.

அதுவரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்தாள்.

“மூணாவது ஆள் சொன்னதுதான் சரி. கொழுப்பு. மகாராணி மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தாளே, நானும்தான் பாத்தேன்.”

“அண்ணி, புள்ளய இப்ப ஒண்ணும் கேக்காதீங்க.”

அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் அரங்கின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரவல் காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

“ஏன்டி நின்னே?”

மகள் குனிந்து குதிகாலைத் தடவினாள்.

“அரை மார்க்குடி! அரை! வெளுப்புத் தண்ணியில ஊறி ஊறி இது எப்படி ஆயிடுச்சு பாரு!” அம்மா இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். நக ஓரமெல்லாம் வெடித்திருந்தது. “உன் கையும் இப்படி ஆகணும்னுதான் நின்னியா?”

“நிக்கலம்மா. கேட்டேன்.”

“என்னத்தடி கேட்டே? கைதட்டலையா?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“நீதானம்மா சொன்னே. வேலைக்குக் கெளம்பறப்பல்லாம் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே சொல்லுவியே. ‘ஒவ்வொரு பக்கமும் முடிஞ்சதும் கையை எடு. உள்ரூம்ல அப்பாவுக்கு மூச்சு வருதான்னு காது குடுத்துக் கேளு. வந்தா மேல வாசி, வரலேன்னா எனக்குப் போன் பண்ணு’ன்னு.”

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு நாலு தடவயும் மூச்சுச் சத்தம் கேக்கலம்மா. ஒவ்வொரு தடவயும் அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்ப வாசிச்சேன்.”

இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் அதைச் சொல்லிவிட்டுப் போனவள், அவரை அடக்கம் செய்து மூன்று மாதமாகியும், ‘இனிமே கேக்க வேணாம்’ என்று மகளிடம் சொல்லவே இல்லை.