தாழிக்கு எழுதிய அட்டை

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அருங்காட்சியகக் காவலர் பொன்னுலிங்கம் மதியச் சோற்றைப் பிரித்தபோது, கண்ணாடிப் பெட்டி உள்பக்கமாகப் பனித்தது. உள்ளேயிருந்த பெரிய பானை பேசியது.

"ஏம்ப்பா, நான் என்ன நெல்லா?"

அட்டையில் 'தானியப் பானை' என்று எழுதியிருந்தது.

"செத்துப்போன என்னை உட்கார வச்சுப் புதைச்ச தாழி இது. வர்றவனெல்லாம் எத்தனை மரக்கா நெல்லு கொள்ளும்னு கேக்குறான். மாத்தி எழுது."

"அதிகாரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் தாயி."

"எனக்கு உயிரே போயிடுச்சு."

பொன்னுலிங்கம் அட்டையைத் திருப்பி, 'இதற்குள் ஒருத்தி இருக்கிறாள்' என்று எழுதி வைத்தார். அன்று மாலையே வேலை போனது. அசல் தாழி தலைநகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது போன வருஷம் பிளாஸ்டரில் வார்த்த நகல்.