ஆறாம் நம்பர் அறை

"ஆறாம் நம்பர் அறைக்கு நீ ஏன் வரல?"

டாக்டர் ஹாஸ்கல் கேட்டதும் மேரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வந்தேனே டாக்டர்!"

"பொய் சொல்லாதே. அந்த அறைக்கு மார்க் போடறதே நான்தான். நானும் பெர்னியும் உள்ளே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம்."

"ஆமாம்மா," என்றாள் பெர்னி. உள்ளூர் நாடகக்காரி. மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு வந்தால், நோயாளியாகவும் நோயாளியின் சொந்தக்காரியாகவும் நடிக்க அவளைக் கூப்பிடுவார்கள். "அழறதுக்குத் தயாரா கண்ணெல்லாம் கசக்கி வச்சிருந்தேன். ஆளையே காணோம்."

வெளியே மினசோட்டாவின் ஜனவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேரன் சோல்பெர்க்குக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வேர்க்காதா பின்னே? எங்கள் அமெரிக்காவில் டாக்டருக்குப் படிப்பது லேசில் நடக்கிற காரியமா என்ன! முதலில் வேறொரு டிகிரிக்கு நாலு வருஷம். அதில் கரிம வேதியியலோடு மல்லுக்கட்டி, லீவு நாளெல்லாம் முதியோர் இல்லத்தில் சேவை செய்து, நுழைவுத் தேர்வும் எழுதி, நாடு முழுக்க விண்ணப்பம் போட வேண்டும். மேரன் விண்ணப்பித்த கல்லூரிகளெல்லாம் கையை விரித்துவிட்டன. நேரில் வரச் சொன்னது இது ஒன்றுதான். இதுவும் போனால் டாக்டர் ஆசைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

தேர்வு என்றால், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரிக் கட்டடத்தில் அறை அறையாகப் போக வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சீட்டு தருவார்கள். மணி அடித்ததும் உள்ளே போய் அதில் சொன்னதைச் செய்ய வேண்டும். மறுபடி மணி அடித்தால் எழுந்து அடுத்த அறை.

ஆறாம் அறைச் சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: உள்ளே இருக்கும் பெண்ணின் கணவர் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லவும்.

"உள்ளே ஒரு அம்மா இருந்தாங்க டாக்டர். பச்சை ஸ்வெட்டர். தேம்பித் தேம்பி அழுதாங்க. அடேங்கப்பா, என்னமா நடிக்கறாங்கன்னு நானே அசந்துட்டேன்."

பெர்னி குனிந்து தன் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டாள்.

"எந்த அறை? வந்து காட்டு," என்றார் ஹாஸ்கல்.

மூவரும் நடந்தார்கள். நடைவழி திரும்பும் இடத்தில் ஒரு கதவு. அதில் தாளில் எழுதி ஒட்டிய ஆறு. அதற்கு அடுத்த கதவில் பித்தளையில் ஓர் ஆறு. மேரன் பித்தளையைக் காட்டினாள்.

"ஐயோ! அது ஆஸ்பத்திரியோட அறை! நோயாளியோட வீட்டுக்காரங்க உட்கார்ற இடம்!" என்று பதறினார் ஹாஸ்கல்.

"கடவுளே!" பெர்னி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ அந்த அம்மா அழுதது நிஜமாவா?"

"புருஷன் செத்துட்டான்னு யாரோ ஒரு பொம்பளைகிட்ட சொல்லிட்டு வந்து நிக்கறியா நீ?" ஹாஸ்கல் கத்தியே விட்டார்.

மேரன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டர், சொல்லல. சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, எனக்கே தெரிஞ்சு போச்சு. சும்மா பக்கத்துல உட்காரு'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மணி அடிச்சுது. நடிப்புதான்னு நினைச்சும் கையை உதறிட்டு எழுந்து வர எனக்கு மனசு வரல. ஏழாவது அறையும் போச்சு."

"அப்போ ரெண்டு அறைக்கும் பூஜ்யம். ஒரு கதவை ஒழுங்கா பார்த்து நுழையத் தெரியல, நாளைக்கு யார் வயித்துல கத்தியை வைப்பியோ! வீட்டுக்குக் கிளம்பு."

"டாக்டர், ப்ளீஸ்... இது ஒண்ணுதான் எனக்கு..."

"கிளம்புன்னேன்."

பெர்னிக்கே பாவமாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பித்தளை எண் போட்ட கதவு திறந்தது.

பச்சை ஸ்வெட்டர் அம்மா வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் பை. உள்ளே ஆம்பளை பூட்ஸ் ஒரு ஜோடி.

மேரன் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். "என்னை மன்னிச்சிடுங்கம்மா. நான் டாக்டர் இல்ல. படிக்க இடம் கேட்டு வந்தவ. தெரியாம உங்க அறைக்குள்ள நுழைஞ்சுட்டேன்."

"யாரா இருந்தா என்ன கண்ணு? விடியக்காலையில பண்ணையிலேர்ந்து அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தேன். பெரிய டாக்டரே நேர்ல வந்து பேசுவாரு, உட்காருங்கன்னாங்க. உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. ஒரு நர்ஸ் பொண்ணு இந்தப் பையை மடியில வச்சுட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காம ஓடிட்டா. அவரோட பூட்ஸைப் பார்த்ததும் நானே புரிஞ்சுக்கிட்டேன்."

பெர்னியால் பொறுக்க முடியவில்லை. "எந்தப் படுபாவி டாக்டர் அது?"

"யாரோ ஹாஸ்கலாம். டாக்டருக்குப் படிக்க வந்த பசங்களுக்கு இன்னைக்குப் பரீட்சை வைக்கறாராம். அது முடிஞ்சுதான் வருவாராம்."

ஹாஸ்கலின் கை, கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையை மெல்ல மூடிக்கொண்டது.

அந்த அம்மா மேரனின் கன்னத்தைத் தொட்டாள்.

"அவரை எங்கேயாவது பார்த்தா சொல்லிடும்மா. இனிமே அவர் வரணும்னு இல்ல. அதான் நீ வந்துட்டியே!"