குண்டம்மாவின் கவுன்

நான் தையல்காரன். என் மகளின் இதயத்தில் பிறவியிலேயே மூன்று மில்லிமீட்டர் ஓட்டை. பொத்தானின் துளையைவிடச் சற்றுப் பெரிது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட சின்னச் சத்தத்தை வைத்து டாக்டர் கண்டுபிடித்தார். மற்றபடி, ஆஸ்பத்திரிப் படிகளில் எனக்கு முன்னால் ஓடுபவள் அவள்தான்.

வருடம் ஒருமுறை பரிசோதனை. டாக்டர் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை அவளுடைய ரப்பர் பொம்மையின் நெஞ்சில் வைத்துக் கேட்பார். "குண்டம்மா நல்லாயிருக்கா. இப்ப நீ வாடி வாலு." பிறகு என்னிடம், "வளர வளரத் தானா மூடிக்கும்."

இந்த வருடம் நேராக ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார். "மூடிடுச்சுப்பா. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"குண்டம்மாவைப் பாக்கவே இல்லியே?" என்றாள் மகள்.

டாக்டர் சிரித்தபடி ஸ்டெதாஸ்கோப்பைப் பொம்மையின் நெஞ்சில் வைத்தார். பிறகு சிரிக்கவில்லை. இடம் மாற்றி வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"சின்னச் சத்தம்தான்," என்றார். அடுத்த வருடத் தேதியைச் சீட்டில் எழுதித் தந்தார்.

"அவளுக்கும் மூடிக்குமா டாக்டர்?" என்றாள் மகள்.

"வளர வளர மூடிக்கும்."

மகளின் துணியில் மிஞ்சியதில்தான் குண்டம்மாவுக்குக் கவுன் தைப்பேன். நீளம் எப்போதும் ஆறு அங்குலம். நேற்று மகள், "அப்பா, அவளுக்குக் கவுன் பத்தலை," என்று வந்தாள். டேப் வைத்துப் பார்த்தேன். ஆறரை. மகள் குதித்தாள்.

புதுக் கவுனில், வளரும் பிள்ளைக்கு விடுவதுபோல, மடிப்பில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டேன்.