பல்லி சொன்ன வீடு

"இன்னைக்கும் திக்கினா நாளைலேர்ந்து வராதம்மா" என்று எச்சரித்துத்தான் முதலாளி அனுப்பியிருந்தார். வீட்டுத் தரகுக்குப் புதியவளான கலையரசி பேச்சில் தடுமாறியே, இதுவரை வீடு பார்க்க வந்தவர்களையெல்லாம் விரட்டியிருந்தாள்.

ஏனாத்தூரில் அந்தக் காலி வீட்டின் கூடத்தில், வீடு வாங்க வந்த பரமசிவம் கைகட்டி நின்றார். அவர் மனைவி கமலவேணி கைப்பையை அணைத்தபடி ஓரமாக நின்றார்.

"த... தண்ணி நல்லா இருக்கும் சார்."

'ச்சு... ச்சு... ச்சு...'

பரமசிவம் நிமிர்ந்தார். "பல்லி சொல்லுதே! எந்தப் பக்கம்? தெக்குன்னா ஆவாது."

"கிழக்குதாங்க" என்றார் கமலவேணி.

கலையரசிக்குத் தெம்பு வந்தது. "மழைக்குத் தெருவுல தண்ணி நிக்காது சார்!"

மறுபடியும் பல்லி. பஸ் வசதி, பட்டா என்று அவள் அடுக்க அடுக்க, அதுவும் விடாமல் சொன்னது. திக்கல் போன இடம் தெரியவில்லை.

"முடிச்சிடலாம்மா!" பரமசிவம் வண்டியை எடுக்க வெளியே போனார்.

கலையரசி கிழக்குச் சுவரைக் கும்பிட்டாள். "வரதர் கோயில் தங்கப் பல்லியே வந்துட்டா மாதிரி இருக்குதும்மா!"

"அங்க இன்னாத்தைத் தேடுற?" கமலவேணி பைக்குள்ளிருந்து செல்போனை எடுத்து அழுத்தினார். 'ச்சு... ச்சு...' "வீடு எனக்கு வாசல்லியே புடிச்சிடுச்சு. இந்த மனுஷன் பல்லி சொன்னாத்தான் அசைவாரு. பைத்தியக்காரத்தனம்!"

போனைப் பைக்குள் போட்டார். அப்போது தெற்குச் சுவரிலிருந்து நிஜப் பல்லி ஒன்று சொன்னது.

கமலவேணியின் முகம் வெளுத்தது. "ஐயையோ... இது எந்தப் பக்கம்மா?"

கலையரசி துளியும் திக்கவில்லை.

"கிழக்குதாம்மா!"