கிட்ட வராத வெளிச்சம்

விமானப்படை விசாரணை அறையில் விமானி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறான். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு விமானத்துல அந்த வெளிச்சத்தைத் துரத்தினோம் சார். கிட்டவே வரல. எரிபொருள் குறைஞ்சதும் நான் திரும்பிட்டேன். அவன் விடமாட்டேன்னு போயிட்டான்." போனவன் கடலில் விழுந்தான். அதிகாரி எழுந்து மேற்கு ஜன்னலின் திரையை விலக்குகிறார். இருட்டத் தொடங்கும் வானத்தில் ஒற்றைப் புள்ளி தகதகக்கிறது. "இதுதானே?" விமானி கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்க்கிறான். "இதேதான் சார்." "வெள்ளிக் கிரகம்ப்பா. எவ்வளவு துரத்தினாலும் கிட்ட வராது." வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் இங்குமங்கும் அலைகிறது. "அவன் சம்சாரம் சார். எதைத் துரத்திப் போனான்னு என்னைத்தான் கேப்பாங்க." செருப்புச் சத்தம் நிற்கிறது. கதவு தட்டப்படுகிறது. அதிகாரி ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறார்.