கடல் அடங்கியபோது

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருபது வருஷம் கடலுக்குப் போனவன் ஞானசீலன். கடலின்மேல் நடப்பது இதுதான் முதல் தடவை. நோர்வேயின் வடகோடியில், செங்குத்து மலைகளுக்கு நடுவே உறைந்துகிடந்த ஃபியோர்டு என்னும் கடற்கழி காலடியில் முனகியது; இடையிடையே வெடிபோல் அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவன் நின்று நின்று நடந்தான். அக்கரை மீன் தொழிற்சாலையில் எட்டு வருஷமாக வேலை செய்யும் மனைவி றெஜினாவோ கைவீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதி வழியில் சத்தம் முழுதாக நின்றது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"அப்பாடா, கடல் அடங்கிட்டுது. இனிப் பயமில்லையப்பா!"

திரும்பாமலே, கைகால்களை அகல விரித்து ஐஸின்மேல் குப்புறப் படுத்தாள் றெஜினா.

"அது கத்துற வரைக்குந்தான் எங்களைத் தாங்கும். மெல்லப் படுங்கோ."

அவன் குனிந்து பார்த்தான். சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.