அவர் வாய் வைத்த கிண்ணம்

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குன்னு சொல்லிட்டாங்க ஐயா. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். என்னை மாதிரி ஆளைக் கடவுள் சேத்துக்குவாரா, மாட்டாரா?"

போதகர் கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கட்டிலில் பெரியவரை ஒட்டி உட்கார்ந்தார். பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் ஒரு மனுஷர் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிவிட்டது!

சிறைச்சாலையின் பின்பக்கத்துச் சின்ன அறை அது. ஒரு கட்டில், ஒரு மேஜை, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். நேற்றே அவரை இங்கே கொண்டுவந்து விட்டு, நாளைக் காலை வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் காவலர் சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஊரே அப்படித்தான். ஊரில் பெரியவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் இருப்பதும் இல்லை.

"எத்தனை பேர்?" என்று மெதுவாகக் கேட்டார் போதகர்.

"ஆறு உயிர் ஐயா. இந்தக் கையாலதான். ஒருத்தர் முகம்கூட மறக்கல."

"பக்கத்துச் சிலுவையில தொங்கின திருடனையே ஆண்டவர் ஏத்துக்கிட்டாரே."

"அந்தக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன். அது எனக்குப் பத்தல ஐயா."

போதகர் விடவில்லை. வரி வசூலிக்கிறவன் என்று ஊரே காறித் துப்பிய ஆயக்காரன் வீட்டுக்கு ஆண்டவர் விருந்தாளியாகப் போனதைச் சொன்னார். எல்லாரும் விரட்டியடித்த குஷ்டரோகியை அவர் கைநீட்டித் தொட்டதைச் சொன்னார்.

"அந்த ஆயக்காரனுக்குப் பொண்ணு இருந்துச்சா?" பெரியவர் குறுக்கிட்டார். "என் மகளைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தன் வந்தான். அப்பன் யாருன்னு தெரிஞ்சதும் போன இடம் தெரியல. அவ இப்ப என்கிட்ட பேசறதே இல்ல. கோயிலுக்குப் போனா, அப்பமும் ரசமும் குடுக்கிற நற்கருணைக்கு என்னைக் கடைசியாத்தான் நிக்கவைப்பாங்க. நான் வாய் வெச்ச கிண்ணத்துல வேற யாரும் குடிக்கமாட்டாங்களாம்."

போதகர் எழுந்து பையைத் திறந்தார். ஒரு துண்டு அப்பம், ஒரு சிறு குப்பி திராட்சரசம், ஒரு சின்னக் கிண்ணம். கண்மூடி ஜெபித்து, அப்பத்தைப் புட்டுக் கொடுத்துவிட்டு, ரசம் ஊற்றிய கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்க முதல்ல குடிங்க ஐயா. நான் மிச்சத்தை..."

"இல்ல. நீங்க குடிங்க."

பெரியவர் ஒரு வாய் குடித்தார். போதகர் அதை வாங்கி, துடைக்காமல், அவர் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்து மீதியைக் குடித்து முடித்தார். பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அத்தனை வருஷத்து அழுகை, லேசில் நிற்கவில்லை.

வெளியே காவலர் கதவைத் தட்டினார். நேரம் ஆகிவிட்டது. போதகர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஐயா, ஒரு நிமிஷம்." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா இந்த அறைக்கு வந்துட்டுப் போறேன். ஒரு போதகர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"எனக்கெங்கே தோணுச்சு? எட்டாம் நம்பர் அறையில இருக்கிறவர்தான் அனுப்பிவெச்சார். 'எனக்கு ஜெபம் பண்ணது போதும் ஐயா. காலையில என் கழுத்துல கயிறு மாட்டப்போற மனுஷனுக்கு ஆறுதல் சொல்ல யாரும் இருக்கமாட்டாங்க, அவரைப் போய்ப் பாருங்க'ன்னார்."